ஃபார்மட் செய்தும் திரும்பி வரும் வைரஸ்: பயாஸ் சிப்பில் ஏறியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

புதுவயல்_கணக்கர்

அரிசி ஆலை அலுவலகம், 6 டெஸ்க்டாப். டாலி, இ-வே பில், ஜிஎஸ்டி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் இவற்றில்தான். ஒரு கணினியில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும், இணையத்தில் இணைத்த கொஞ்ச நேரத்தில் யாரும் போடாத ஒரு புரோகிராம் தானாக வந்து உட்காருகிறது. குரோமில் விளம்பர அறிவிப்புகளும் திரும்ப வருகின்றன. இரண்டு முறை ஃபார்மட் செய்தாயிற்று. “பயாஸில் வைரஸ் ஏறிவிட்டது, மதர்போர்டை மாற்றினால்தான் தீரும்” என்கிறார்கள்.

பயாஸில் வைரஸ் ஏறும் என்பது உண்மையா? ஏறியிருக்கிறதா என்று நாமே பார்க்க முடியுமா? போர்டை மாற்றாமல் தீர்க்க வழி உண்டா? இரண்டு போர்டு ஹெச்81 சிப்செட், மற்றவை அதற்குப் பிந்தியவை.

செக்காலை_சிப்

ஏறும் என்பது உண்மை. உங்கள் கணினியில் ஏறியிருக்கிறது என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. இரண்டையும் சேர்த்துக் குழப்பித்தான் போர்டு மாற்றச் சொல்கிறார்கள்.

விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடும் தீநிரல் ஒளிய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, வன்தட்டிலேயே இருக்கும் இஎஃப்ஐ பகிர்வு. பெரும்பாலும் 100 எம்பி, ஃபேட்32, எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. விண்டோஸைத் தூக்கிவிடும் பூட் மேனேஜர் அதில் இருக்கிறது. இன்னொன்று, மதர்போர்டில் எட்டுக் கால்களோடு இருக்கும் எஸ்பிஐ ஃபிளாஷ் சிப். பயாஸ், இப்போதைய பெயரில் யுஇஎஃப்ஐ, அதில் குடியிருக்கிறது.

முதலாவதில் இருப்பது வட்டை முழுதாக அழித்தால் போய்விடும். ஆனால் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் இஎஃப்ஐ பகிர்வு அப்படியே நிற்கும். இன்ஸ்டால் திரையில் எல்லாப் பகிர்வுகளையும் நீக்க வேண்டும், அல்லது டிஸ்க்பார்ட்டில் வட்டைத் தேர்ந்து ‘கிளீன்’ கொடுக்க வேண்டும். இரண்டாவதில் இருப்பது எஸ்எஸ்டியையே தூக்கி எறிந்தாலும் போகாது. நம்மூர்ச் செட்டிநாட்டு வீட்டுக் கணக்கில் சொன்னால், வட்டைச் சுத்தம் செய்வது வளவை (நடு முற்றத்தை) கூட்டிப் பெருக்குவது. சிப்பில் ஏறியவன் முகப்புக் கதவின் சாவியையே வைத்திருக்கிறான்.

இது கற்பனை இல்லை. 2018 செப்டம்பரில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட லோஜாக்ஸ், 2020 அக்டோபரில் காஸ்பர்ஸ்கி சொன்ன மொசைக்ரெக்ரெசர், 2022 ஜனவரியில் மூன்பவுன்ஸ், அதே ஆண்டு ஜூலையில் காஸ்மிக்ஸ்ட்ராண்ட் எல்லாமே சிப்புக்குள் இருந்தவை. காஸ்மிக்ஸ்ட்ராண்ட் ஹெச்81 சிப்செட் கொண்ட கிகாபைட், ஏசஸ் போர்டுகளின் பயாஸ் பிரதிகளில் கண்டெடுக்கப்பட்டது. ஆகவே உங்கள் இரண்டு ஹெச்81 போர்டுகளையும் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆனால் இவை ஆள் பார்த்து ஏவப்பட்டவை. விளம்பர அறிவிப்பு காட்டுவதற்காக யாரும் இவ்வளவு பாடுபடுவதில்லை. சிப்புக்குள் போனவன் சத்தம் காட்டாமல் இருக்கத்தான் போகிறான்.

பள்ளத்தூர்_லினக்ஸ்

சிப்பைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. திரும்பி வருவது எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து ஒதுக்குங்கள்.

குரோம் அறிவிப்பு: பழைய கூகுள் கணக்கில் உள்நுழைந்ததும் பழைய எக்ஸ்டென்ஷன்களும் சிங்க் ஆகி வந்துவிடும். ஃபார்மட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிங்க்கை நிறுத்தி, எக்ஸ்டென்ஷன்களை நீக்கி, தள அமைப்புகளில் அறிவிப்பு அனுமதிகளைத் துடைத்துவிட்டுப் பிறகு சிங்க்கைத் திறங்கள்.

பென்டிரைவ்: ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவிலிருந்துதான் ‘பேக்கப்’ திரும்ப ஏற்றப்பட்டதா? கிராக் செய்த விண்டோஸ், ஆபீஸ் ஆக்டிவேட்டர் அதிலேயே இருக்கிறதா? அப்படியானால் ஒவ்வொரு முறையும் நீங்களே கையால் விதைக்கிறீர்கள். விண்டோஸ் பென்டிரைவை மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால், வேறொரு சுத்தமான கணினியில் புதிதாகச் செய்யுங்கள்.

ரவுட்டரின் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் அமைப்பு): யாரோ மாற்றியிருந்தால் எல்லாக் கணினிகளிலும் விளம்பரம் வரும். ஒரு கணினியை மட்டும் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே வரவில்லை என்றால் குற்றவாளி ரவுட்டர்.

இதெல்லாம் இல்லை, சுத்தமான விண்டோஸில் ஒரு புரோகிராம் தானாக முளைக்கிறது என்றால் சிஸ்டம்32 ஃபோல்டரில் ‘டபிள்யூபிபி பின்’ என்ற எக்ஸ்இ கோப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பயாஸிலிருந்து வந்ததுதான், ஆனால் வைரஸ் என்று அர்த்தமில்லை. டபிள்யூபிபிடி என்று ஒரு வசதி இருக்கிறது. போர்டு தயாரிப்பாளர் ஒரு எக்ஸ்இயை சிப்பில் வைத்தால், விண்டோஸ் எழும்போது அதை எடுத்து ஓட்டும். போர்டின் டிரைவர் இறக்கும் மென்பொருள் ஃபார்மட் செய்தாலும் தானாக வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பத்தைப் பாருங்கள். யார் கையொப்பம், அது செல்லுபடியாகிறதா?

முறையான வசதி என்றாலும் எனக்கு இது பிடிக்காது. 2023 மே மாதம் எக்ளிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் காட்டியது இதைத்தான். 270-க்கும் மேற்பட்ட கிகாபைட் மாடல்களில் பயாஸ் இறக்கிய எக்ஸ்இ, மேற்கொண்டு கோப்புகளை எச்டிடிபி வழியாகவும் சரிபார்க்காமலும் இறக்கியது. நடுவில் உட்கார்ந்தவன் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். தயாரிப்பாளர் பின்னர் பயாஸ் அப்டேட் வெளியிட்டார். பயாஸில் ‘ஆப் சென்டர் டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால்’ போன்ற தேர்வு இருந்தால் அணைத்துவிடுங்கள்.

லோஜாக்ஸுக்கு நேரடிச் சோதனையும் உண்டு. ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின் → சிஸ்டம் → கரண்ட் கன்ட்ரோல் செட் → கன்ட்ரோல் → செஷன் மேனேஜர். அங்கே ‘பூட் எக்ஸிக்யூட்’ மதிப்பில் ‘ஆட்டோசெக்’ என்ற சொல்லும், அடுத்து ஏ-யு-டி-ஓ-சி-எச்-கே என்ற சொல்லும், ஒரு நட்சத்திரக் குறியும் இருக்க வேண்டும். அந்தச் சொல்லின் கடைசி எழுத்து ‘கே’யாக இல்லாமல் ‘ஈ’யாக இருந்தால் மின்கம்பியைப் பிடுங்குங்கள். லோஜாக்ஸ் செய்த மாற்றம் அந்த ஒரே எழுத்துதான்.

கோட்டையூர்_மாணவி

அண்ணே, செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டும் எழ விடும் பயாஸ் வசதி) ஆன் என்று இருந்தால் இதெல்லாம் நடக்காதே? கல்லூரி லேபில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

செக்காலை_சிப்

இல்லைம்மா. செக்யூர் பூட் சரிபார்ப்பது பூட் மேனேஜரை. அந்தச் சரிபார்ப்பைச் செய்யும் நிரல் சிப்புக்குள் இருக்கிறது. சிப்பில் இருப்பதையே மாற்றிவிட்டால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான். சிப்பின் உள்ளடக்கத்தைச் சரிபார்ப்பது அதற்கும் கீழே உள்ள வேறொரு அடுக்கு. இன்டெலில் பூட் கார்டு, ஏஎம்டியில் பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட். போர்டு தயாரிப்பாளரின் சாவியின் ஹாஷை (கைரேகை போன்ற எண்ணை) இன்டெலில் சிப்செட்டுக்குள்ளும், ஏஎம்டியில் ப்ராசசருக்குள்ளும் ஃப்யூஸாக எரித்துவிடுவார்கள். முதலில் ஓடும் பயாஸ் துண்டு அந்தச் சாவியோடு ஒத்துப் போகாவிட்டால் அங்கேயே சிக்கிவிடும். 2013-இல் வந்த நான்காம் தலைமுறை இன்டெலிலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஆனால் ஃப்யூஸை எரிப்பதும் விடுவதும் தயாரிப்பாளர் கையில். நிறுவனங்களுக்கு விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் இருக்கும். கடையில் தனியாக வாங்கிக் கோத்த டெஸ்க்டாப் போர்டுகளில் பல நேரம் இருக்காது.

அந்தச் சாவியும் பறிபோகலாம். 2023-இல் எம்எஸ்ஐயிடமிருந்து திருடப்பட்ட கோப்புகளோடு பூட் கார்டு சாவிகளும் வெளியே வந்தன. ஃப்யூஸில் எரித்த ஹாஷை மாற்ற முடியாது என்பதுதான் அதில் பெரிய வேதனை.

செக்யூர் பூட்டையே தாண்டியதும் உண்டு. பிளாக்லோட்டஸ் என்ற தீநிரல் 2022 அக்டோபரிலிருந்து 5,000 டாலருக்கு விற்பனைக்கு இருந்தது, 2023 மார்ச்சில் ஈசெட் ஆராய்ந்து எழுதியது. முழுக்க அப்டேட் செய்த விண்டோஸ் 11-லும் ஓடியது. அது ஓட்டை உள்ள பழைய பூட் மேனேஜரைத் தானே கையில் கொண்டுவந்து வைக்கிறது. ஓட்டை 2022 ஜனவரியிலேயே அடைக்கப்பட்டாலும், பழைய கோப்பில் இருப்பது மைக்ரோசாஃப்டின் உண்மையான கையொப்பம். அதை ரத்துப் பட்டியலில் சேர்க்காத வரை செக்யூர் பூட் ‘சரி’ என்றுதான் சொல்லும். இது சிப்பில் ஏறுவதில்லை, இஎஃப்ஐ பகிர்வில்தான் உட்காருகிறது. ஆகவே வட்டு முழுவதையும் அழித்தால் போகும்.

ரத்துப் பட்டியலை முழுமையாக அமலாக்கும் படிகள் மைக்ரோசாஃப்டின் கேபி 5025885 பக்கத்தில் இருக்கின்றன. அவசரப்பட்டு முதல் நாளே செய்யாதே. ரத்து அமலுக்கு வந்தபின் பழைய விண்டோஸ் பென்டிரைவும் பழைய மீட்பு டிஸ்க்கும் அந்தக் கணினியில் எழாது. முதலில் புது இன்ஸ்டால் பென்டிரைவ், அப்புறம் ரத்து.

செக்யூர் பூட் சான்றிதழ்களிலும் தேதி இருக்கிறது. 2011-இல் கொடுத்த மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களில் கேஇகே, யுஇஎஃப்ஐ சிஏ இரண்டுக்கும் காலாவதி 2026 ஜூன், விண்டோஸ் பூட் மேனேஜருக்கான சான்றிதழுக்கு 2026 அக்டோபர். 2023 சான்றிதழ்களுக்கு மாறாத கணினி எழாமல் போகாது. ஆனால் பூட் பக்கத்துப் பாதுகாப்பு அப்டேட்டுகள் அதற்கு நின்றுவிடும். பயாஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

பள்ளத்தூர்_லினக்ஸ்

சேர்த்துக்கொள்ள ஒன்று: பயாஸின் கீ மேனேஜ்மென்ட் பக்கத்தில் பிளாட்ஃபார்ம் கீயின் பெயரைப் பாருங்கள். ‘நம்ப வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய ஏஎம்ஐ சோதனைச் சாவி அங்கே இருந்தால் அந்தப் போர்டில் செக்யூர் பூட் வெறும் பெயருக்குத்தான். சோதனைக்குக் கொடுத்த சாவியைப் பல தயாரிப்பாளர்கள் மாற்றாமலே விற்றிருக்கிறார்கள். பைனர்லி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2024 ஜூலையில் இதை பிகேஃபெயில் என்று பெயரிட்டு வெளியிட்டது.

தேவகோட்டை_நெட்வொர்க்

பேட்டரியைக் கழற்றி 10 நிமிடம் வைத்தால் பயாஸ் வைரஸ் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. போகாது. சிஆர்2032 பேட்டரி காப்பது கடிகாரத்தையும் சில அமைப்புகளையும்தான். ஃபிளாஷ் சிப்புக்கு மின்சாரமே இல்லாவிட்டாலும் அதில் எழுதியது பல ஆண்டு அழியாது.

புதுவயல்_கணக்கர்

ரெஜிஸ்ட்ரியில் எழுத்து சரியாக இருக்கிறது. மற்றவற்றை இன்றிரவு பார்க்கிறேன். சிப்பை நேரடியாகப் படிக்கும் சிஹெச்341ஏ புரோகிராமர் இங்கேயே கிடைக்கிறது. ஹெச்81 இரண்டையும் படித்துப் பார்க்கலாமா?

செக்காலை_சிப்

படிக்கலாம். ஆனால் சிப்பைத் தொடாமலே பாதி பதில் கிடைக்கும், அதை முதலில் செய்யுங்கள். லினக்ஸ் லைவ் பென்டிரைவில் எழுப்பி, பயாஸ் பாதுகாப்பைச் சோதிக்கும் சிப்செக் கருவியை ஓட்டுங்கள். அதன் டிரைவர் ஏறுவதற்கு அந்த நேரம் மட்டும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். ‘பயாஸ் டபிள்யூபி’, ‘எஸ்பிஐ லாக்’ என்ற இரண்டு சோதனைகள் முக்கியம். முதலாவது ‘ஃபெயில்ட்’ என்றால் விண்டோஸில் அட்மின் அதிகாரமும் ஒரு கெர்னல் டிரைவரும் கிடைத்தவன் சிப்பில் எழுத முடியும் என்று பொருள். லோஜாக்ஸ் அப்படித்தான் எழுதியது. ஆர்டபிள்யூ எவ்ரிதிங் என்ற நல்ல கருவியின் கையொப்பமிட்ட டிரைவரையே பயன்படுத்தியது. எழுத்துப் பூட்டு தவறாக அமைக்கப்பட்டிருந்தால், பூட்டு மறுபடி விழுவதற்குள் எழுதிவிடும் பந்தயத்தையும் ஓடியது.

ஆகவே ‘ஃபெயில்ட்’ என்பது வைரஸ் இருக்கிறது என்பதல்ல. கதவு திறந்து கிடக்கிறது என்பது.

இனி சிப். அவசரப்பட்டால் போர்டே போகும்.

மின்கம்பியைக் கழற்றுங்கள், சிஆர்2032-ஐயும் கழற்றுங்கள். பவர் பட்டனை 15 விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். சிப்செட்டுக்கு அருகில் எட்டுக் கால் சிப் இருக்கும். மேலே வின்பாண்ட் 25 கியூ 64, 25 கியூ 128 போன்ற எண். 64 என்பது மெகாபிட், அதாவது 8 எம்பி. 128 என்றால் 16 எம்பி. இதைக் குழப்பிக்கொண்டு ‘பாதிதான் படித்திருக்கிறது’ என்று பதறுவார்கள். புள்ளி வைத்த மூலை 1-ஆம் கால். கிளிப்பின் சிவப்புக் கம்பி அந்தப் பக்கம். சில டெஸ்க்டாப் போர்டுகளில் சிப் சாக்கெட்டில் செருகியிருக்கும். அப்படியென்றால் கழற்றிப் படிப்பதுதான் மேல்.

முதலில் மின்னழுத்தம். 3.3 வோல்ட் சிப்பும் உண்டு, 1.8 வோல்ட் சிப்பும் உண்டு. எண்ணின் கடைசி எழுத்துகளை வைத்து டேட்டாஷீட்டில் பாருங்கள். 1.8-க்குத் தனி அடாப்டர் போடாமல் நேரடியாகக் கொடுத்தால் சிப் காலி.

இரண்டாவது, அந்தக் கறுப்பு நிற சிஹெச்341ஏ. மின்கால் 3.3 கொடுத்தாலும் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் வருகிறது. பெரும்பாலும் தாங்கும் என்பார்கள். அந்தக் கம்பிகள் சிப்செட்டுக்கும் போகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. மின்னழுத்தம் மாற்றும் சுவிட்ச் உள்ள புதிய வகையை வாங்குங்கள், வாங்கியபின் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

சிப்பைப் படித்து எழுதும் ஃபிளாஷ்ரோம் மென்பொருளில் இரண்டு முறை படித்து இரண்டு கோப்புகளின் எஸ்எச்ஏ-256 ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லை என்றால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. எல்லாம் எஃப்எஃப் அல்லது எல்லாம் சைபர் என்றாலும் அதேதான், அல்லது நீங்கள் கொடுக்கும் மின்சாரத்தை போர்டு இழுத்துக்கொள்கிறது. கிளிப்பைக் கழற்றி சிப்பின் கால்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். அரிசி ஆலைத் தவிட்டுத் தூசி கால்களில் படிந்திருந்தால் நிச்சயம் பிடிக்காது.

பள்ளத்தூர்_லினக்ஸ்

படித்த கோப்பை என்ன செய்வது என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். தயாரிப்பாளர் தளத்தில் உள்ள பயாஸ் கோப்பின் ஹாஷோடு ஒப்பிட்டு, “ஒத்துப்போகவில்லை, வைரஸ்தான்” என்று முடிவு கட்டுவார்கள். ஒரு நாளும் ஒத்துப்போகாது. நீங்கள் செய்த அமைப்புகள், செக்யூர் பூட் சாவிகள், பூட் வரிசை எல்லாம் அதே சிப்பில் என்விரேம் பகுதியில் எழுதப்படுகின்றன. வரிசை எண், லேன் முகவரி, லேப்டாப் என்றால் விண்டோஸ் உரிமச் சாவி கூட உள்ளே இருக்கும்.

இரண்டு கோப்புகளையும், பயாஸ் கோப்பைப் பிரித்துக் காட்டும் யுஇஎஃப்ஐ டூலில் திறங்கள். உங்களிடம் ஓடும் அதே பயாஸ் பதிப்பைத்தான் தளத்திலிருந்து இறக்க வேண்டும், புதிய பதிப்போடு ஒப்பிட்டால் எல்லாமே வேறாகத் தெரியும். டிஎக்ஸ்இ டிரைவர்கள் (விண்டோஸுக்கு முன் பயாஸ் ஓட்டும் துண்டு நிரல்கள்) இருக்கும் வால்யூமை மட்டும் எடுத்து மாட்யூல் பட்டியலை ஒப்பிடுங்கள். மூலத்தில் இல்லாத மாட்யூல் ஒன்று உங்கள் பிரதியில் இருந்தால் அது லோஜாக்ஸ், மொசைக்ரெக்ரெசர் வகை. பெயர்ப்பட்டியல் ஒன்றாக இருந்து, டிஎக்ஸ்இ கோர் போன்ற ஒரு மாட்யூலின் உள்ளடக்கம் மட்டும் வேறாக இருந்தால் இன்னும் கவலைக்குரியது. மூன்பவுன்ஸ் புதிதாக எதையும் சேர்க்கவில்லை, இருந்த கோரையே திருத்தியது. சிப்செக்கில் இந்த ஒப்பீட்டுக்கு வெள்ளைப்பட்டியல் மாட்யூல் உண்டு.

கணினி வாங்கிய முதல் வாரத்திலேயே இப்படி ஒரு பிரதி எடுத்து, ஹாஷையும் எழுதி, கணினியோடு சேராத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கோட்டையூர்_மாணவி

வேறு மாதிரியாக இருந்தால் பயாஸ் மெனுவிலிருந்தே அப்டேட் கொடுத்துச் சரிசெய்துவிடலாமா?

செக்காலை_சிப்

அங்கேதான் சிக்கல். கெட்டுப்போன பயாஸிடமே ‘உன்னை அழித்துக்கொள்’ என்று சொல்கிறோம். ‘அப்டேட் முடிந்தது’ என்று திரையில் காட்டிவிட்டுத் தன் மாட்யூலை விட்டுவைக்க அதனால் முடியும். போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் அது மேல், ஏனென்றால் அது தனிக் கட்டுப்பாட்டுச் சில்லு வழியாக, சிபியு ஓடாமலே எழுதுகிறது. இல்லாவிட்டால் புரோகிராமர்தான்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை. தளத்தில் கிடைக்கும் கோப்பு சில நேரம் சிப்பின் அளவில் இருக்காது. ஏசஸின் பழைய .கேப் கோப்புகளில் முன்னால் 2,048 பைட் தலைப்பு ஒட்டியிருக்கும். அதோடு எழுதினால் போர்டு எழாது. சில கோப்புகளில் பயாஸ் பகுதி மட்டும் இருக்கும். சிப்பில் டிஸ்கிரிப்டர், எம்இ (இன்டெலின் மேனேஜ்மென்ட் எஞ்சின்), லேன் முகவரி உள்ள ஜிபிஇ, பயாஸ் என்று பகுதிகள் உண்டு. ஃபிளாஷ்ரோமில் ஐஎஃப்டி தேர்வைப் போட்டு பயாஸ் பகுதியை மட்டும் எழுதலாம். வரிசை எண்ணும் உரிமச் சாவியும் பயாஸ் பகுதிக்குள்ளேயே இருக்கும் போர்டு என்றால், பழைய பிரதியிலிருந்து எடுத்துப் புதியதில் பதித்துவிட்டு எழுத வேண்டும். பழைய பிரதியை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். அதுதான் சான்றும், திரும்பும் வழியும்.

எழுதி முடித்ததும் மறுபடி படித்து ஒப்பிடுங்கள். பிறகு பயாஸ் டிஃபால்ட், செக்யூர் பூட் சாவிகளைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டல், சிஎஸ்எம் (பழைய லெகசி பூட் முறை) அணைப்பு, பயாஸுக்கு அட்மின் கடவுச்சொல். அப்புறம்தான் வட்டை அழித்து விண்டோஸ். இந்த வரிசையை மாற்றி, கெட்ட சிப்போடு விண்டோஸைப் போட்டால் எல்லாம் வீண்.

நல்ல பிரதியை எழுதிய போர்டு நல்ல போர்டுதான். மாற்றத் தேவையில்லை.

தேவகோட்டை_நெட்வொர்க்

நம்மூரில் உண்மையான ஆபத்து எங்கே என்று கேட்டால், நான் உளவாளிகளைச் சொல்ல மாட்டேன். பழைய லேப்டாப்பைச் சொல்வேன். பயாஸ் கடவுச்சொல் பூட்டிக் கிடக்கும் நிறுவன லேப்டாப்களைத் திறக்க, இணையத்தில் யாரோ ஏற்றிய பயாஸ் பிரதியை இறக்கி சிப்பில் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பிரதி யாருடையது, அதில் என்ன இருக்கிறது என்று எழுதியவருக்கும் தெரியாது.

வாங்குமுன் பாருங்கள். அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள வரிசை எண்ணும் பயாஸ் காட்டும் வரிசை எண்ணும் ஒன்றா? வரிசை எண் செல்லாது என்றோ காலியாகவோ வந்தால் வாங்காதீர்கள். லினக்ஸ் லைவில் எஃப்டபிள்யூஅப்டி என்ற ஃபர்ம்வேர் கருவியின் பாதுகாப்புச் சோதனையை ஓட்டினால், எம்இ இன்னும் தொழிற்சாலை நிலையில் திறந்து கிடக்கிறதா, எழுத்துப் பூட்டு உண்டா என்று ஒரே திரையில் காட்டும். திறந்து கிடந்தால் யாரோ கை வைத்திருக்கலாம்.

கம்ப்யூட்ரேஸ் என்று பயாஸில் ஒரு வரி இருக்கும். திருட்டுப்போன லேப்டாப்பைத் தேடும் முறையான மென்பொருள், ஃபார்மட் செய்தாலும் ஆர்பிசி நெட் என்ற பெயரில் விண்டோஸுக்குள் திரும்ப வரும். வைரஸ் அல்ல. ஆனால் ‘ஆக்டிவேட்டட்’ என்று இருந்தால் அந்த லேப்டாப் இன்னும் வேறொருவர் கட்டுப்பாட்டில். லோஜாக்ஸ் இதே மென்பொருளின் பழைய ஏஜென்டைத் திருத்தித்தான் செய்யப்பட்டது. லோஜாக் என்ற இதன் இன்னொரு பெயரிலிருந்துதான் அந்தப் பெயரும் வந்தது.

கானாடுகாத்தான்_வீடு

கொஞ்சம் விலகிக் கேட்கிறேன். பெரிய வீடு, பிள்ளைகள் சிங்கப்பூரில். சிசிடிவி டிவிஆரும் ரவுட்டரும் எந்நேரமும் ஓடுகின்றன. இவற்றிலும் இப்படி ஏறுமா?

தேவகோட்டை_நெட்வொர்க்

ஏறும் அக்கா. கணினியைவிட எளிதாகவே ஏறும், ஏனென்றால் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல் டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்தது தொழிற்சாலைக் கடவுச்சொல்லை வைத்தே. அது நினைவகத்தில் மட்டும் இருந்தது; அணைத்துப் போட்டால் போய்விடும், கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் உடனே திரும்பி வரும். 2018 மே மாதம் வெளியான விபிஎன்ஃபில்டர் வேறு ரகம். 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகள், பெரும்பாலும் வீட்டு ரவுட்டர்கள். அதன் முதல் கட்டம் அணைத்துப் போட்டாலும் நிலைத்திருக்கும், ஃபேக்டரி ரீசெட் செய்தால்தான் போகும்.

செய்ய வேண்டிய வரிசை இது. இணையக் கம்பியைக் கழற்றுங்கள். ரவுட்டரின் ரீசெட் துளையில் ஊசியை 10 முதல் 15 விநாடி அழுத்துங்கள். சேவை நிறுவனத்தின் இணைய இணைப்பு விவரங்களை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ரீசெட்டில் போய்விடும். இணைப்பு கொடுக்கும் முன்பே அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு தயாரிப்பாளர் தளத்திலிருந்து மட்டும் ஃபர்ம்வேர் அப்டேட். யுபிஎன்பி, வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் தேர்வு இரண்டும் அணைந்திருக்க வேண்டும். டிவிஆருக்காகத் திறந்த போர்ட் ஃபார்வர்டிங்கை மூடுங்கள். சிங்கப்பூரிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் வயர்கார்டு போன்ற விபிஎன் வசதியுள்ள ரவுட்டர் வாங்கி அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அப்டேட் நின்றுபோன டிவிஆரைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கி வையுங்கள், வங்கி வேலை பார்க்கும் கணினி இருக்கும் வைஃபையில் அது வேண்டாம்.

செக்காலை_சிப்

பயாஸ் அப்டேட்டில் எங்கே கெடும் என்றும் சொல்லிவிடுகிறேன். புதுவயலுக்கு இது முக்கியம்.

சிப்பில் எழுதிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் போர்டு எழாது. யுபிஎஸ் இல்லாமல் செய்யவே கூடாது. அந்த யுபிஎஸ்ஸும் 10 நிமிடமாவது தாங்குகிறதா என்று அதற்கு வரும் மின்சாரத்தை அணைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள், பேட்டரி செத்த யுபிஎஸ் இருந்தும் இல்லாததுதான். மாதாந்திர பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் வேண்டாம். ஆலை மோட்டார்கள் ஓடத் தொடங்கும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும், ஆகவே ஆலை ஓய்வு நாளில் செய்யுங்கள்.

வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் ஓடினால் முதலில் ‘சஸ்பெண்ட்’ கொடுங்கள். இல்லாவிட்டால் பயாஸ் மாறியதை டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு) கண்டுகொண்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது கையில் இல்லை என்றால் டாலி டேட்டாவும் கையில் இல்லை. ஹோம் பதிப்பில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் தானே ஓடிக்கொண்டிருக்கலாம், மீட்பு எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

போர்டின் ரிவிஷன் எண்ணையும் பாருங்கள். ஒரே மாடல் பெயரில் 1.0, 2.0 என்று அச்சடித்திருக்கும், இரண்டுக்கும் பயாஸ் வேறு.

சிப்பில் எழுத அட்மின் அதிகாரம் வேண்டும் என்று மேலே சொன்னேன். அதை மறித்தாலே பாதி வாசல் அடைபடும். பில் போடும் கணக்கு அட்மினாக இருக்கக் கூடாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் பகுதிக்குப் போய் மெமரி இன்டெக்ரிட்டியையும், ஓட்டை உள்ள டிரைவர்களைத் தடுக்கும் பட்டியலையும் ஆன் செய்யுங்கள். மெமரி இன்டெக்ரிட்டி நீங்கள் தொடாமலே அணைந்தால் விட்டுவிடாதீர்கள், பிளாக்லோட்டஸ் முதலில் அணைப்பவற்றில் அதுவும் ஒன்று. எம்எஸ்இன்ஃபோ32 திறந்து ‘பயாஸ் மோட்’ லெகசி என்று வந்தால் செக்யூர் பூட்டுக்கே வழியில்லை. பேக்கப் எடுத்துக்கொண்டு, வட்டை யுஇஎஃப்ஐக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை முதலில் ‘வேலிடேட்’ தேர்வோடு ஓட்டிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் முதன்மைப் பகிர்வுகள் இருந்தால் அது மறுக்கும்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகியே வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் சாவி வெளியே வராது. ஆனால் பின் எண்ணைத் திருடியவன், டோக்கன் செருகியிருக்கும் வரை உங்கள் பெயரில் கையெழுத்துப் போடலாம்.

புதுவயல்_கணக்கர்

பார்த்த முடிவுகள்:

தானாக வரும் புரோகிராம்: சிஸ்டம்32-இல் டபிள்யூபிபி பின் இருக்கிறது. கையொப்பம் போர்டுத் தயாரிப்பாளருடையது, செல்லுபடியாகிறது. பயாஸில் அதற்கான தேர்வு ஆன்.

குரோம் அறிவிப்பு: சிங்க் ஆன பழைய எக்ஸ்டென்ஷன். ஹாட்ஸ்பாட்டிலும் வந்தது, ஆக ரவுட்டர் இல்லை.

சிப்செக்: ஹெச்81 இரண்டிலும் பயாஸ் டபிள்யூபி ‘ஃபெயில்ட்’. மற்ற நான்கில் ‘பாஸ்ட்’. ஹெச்81 சிப் இரண்டும் 8 எம்பி, இரண்டு முறை படித்தேன், ஹாஷ் ஒன்று. டிஎக்ஸ்இ மாட்யூல் பட்டியலும் உள்ளடக்கமும் தளத்தில் உள்ள அதே பதிப்போடு ஒத்துப்போகின்றன.

பள்ளத்தூர்_லினக்ஸ்

அப்படியானால் சிப்பில் எதுவும் இல்லை. பயாஸில் அந்தத் தேர்வை அணைத்துவிட்டு அடுத்த முறை விண்டோஸ் போட்டால் அந்தப் புரோகிராம் வராது. ஏற்கெனவே வந்திருப்பதை வழக்கம்போல் அன்இன்ஸ்டால் செய்யலாம்.

செக்காலை_சிப்

அந்த இரண்டு பிரதிகளையும் பெயர், தேதி, ஹாஷோடு ஒரு பென்டிரைவில் போட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். ஹெச்81-க்குக் கடைசியாக வந்த பயாஸைப் போட்டபின் சிப்செக்கை மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் ‘ஃபெயில்ட்’ என்றால் தயாரிப்பாளர் அந்தப் பூட்டைப் போடவே இல்லை, இனியும் போட மாட்டார். அந்த இரண்டிலிருந்தும் ஜிஎஸ்டி, வங்கி, டோக்கன் வேலைகளை எடுத்து மற்ற நான்குக்கு மாற்றுங்கள். எடைமேடை ரசீது அடிப்பது போன்ற வேலைக்கு, இணையம் இல்லாமல், அவை இன்னும் பல ஆண்டு ஓடும். விண்டோஸ் 10 போட்டிருந்தால் அதற்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் முடிந்துவிட்டது, ஆகவே அவற்றுக்கு இணையக் கம்பி எப்படியும் வேண்டாம்.